ஷிரினுக்கு ஒரு சிபாரிசு

“இந்த உதவிய சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன், சயா.”

முதலாளியைப் பர்மியர் வழக்கப்படி ‘சயா’ என்று மரியாதையாக அழைக்கும் ஷிரின் கண் கலங்கி நின்றாள். தியாகராசன் உறையின் வாயில் பசை தடவி, அழுத்தி ஒட்டி, மேலே தன் பெயரையும் லைசன்ஸ் எண்ணையும் எழுதினார். பிறகு ஒரு தகப்பனைப் போலச் சிரித்தார்.

“இதுல என்னம்மா இருக்கு? பரீட்சை பாஸ் பண்ணது நீ. என் பங்குக்கு நாலு வரி எழுதினேன், அவ்வளவுதான்.”

எழுதியது நாலு வரி இல்லை, மூன்று பக்கம். அதில் ஷிரினைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை கிடையாது.

பசுந்தாங் பேட்டையில், மாவு மில்லுக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது தியாகராசனின் மண் பரிசோதனைக் கம்பெனி. அங்கே ஜியாலஜிஸ்ட் லைசன்ஸ் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். ஷிரினுக்கும் அது கிடைக்க வேண்டுமானால் பரீட்சை மட்டும் போதாது. லைசன்ஸ் உள்ள ஒருவரிடம் ஐந்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். அவர் அவளைப் பற்றி லைசன்ஸ் கொடுக்கும் மன்றத்துக்கு ரகசியமாக ஒரு கடிதமும் எழுத வேண்டும்.

அந்த ஐந்து வருடமும் தியாகராசனுக்கு வயிறு எரிந்த வருடங்கள். மிங்கலாடோன் சைட்டில், வெயிலில் நின்று துளை போட வைப்பது ஷிரின், மேலே வரும் மண்ணை விரலில் தேய்த்தே இன்னதென்று சொல்வது ஷிரின், அறிக்கை எழுதுவதும் ஷிரின். அவர் மின்விசிறிக்கு அடியில் லப்பயே குடித்தபடி கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போடுவார். டீ ஆறுவதற்குள் அவர் வேலை முடிந்துவிடும்.

நாட்டை உலுக்கிய பூகம்பத்துக்குப் பிறகு மண் அறிக்கை கேட்டு வருகிறவர்கள் கூடியிருந்தார்கள். போன மாதம் ஒரு கட்டடக்காரர் உள்ளே வந்து, ஷிரின் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ‘மா’ போட்டு, நேராக இவரிடமே கேட்டார்.

“மா ஷிரின் இருக்காங்களா?”

“நான்தான் இங்க ஜியாலஜிஸ்ட். சொல்லுங்க.”

“பரவால்ல, அவங்க வரட்டும். வெயிட் பண்றேன்.”

இருபத்தாறு வருடமாகத் தொழிலில் இருக்கும் மனிதர் எதிரே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்க, அந்த ஆள் முக்கால் மணி நேரம் போனை நோண்டிக்கொண்டு காத்திருந்தார். அன்று வீட்டுக்குப் போனால் மனைவி ருக்மணி வேறு, “அந்தப் பொண்ணு படு சூட்டிகைங்க” என்று சோற்றோடு சேர்த்துப் பரிமாறினாள். அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

இவளுக்கு லைசன்ஸும் வந்துவிட்டால் அவ்வளவுதான். தனியாக போர்டு மாட்டுவாள், கட்டடக்காரர்கள் மொத்தமும் அவள் பின்னால் போய்விடுவார்கள். நினைக்க நினைக்கத் தியாகராசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சும்மா ‘திறமை போதாது’ என்று எழுதினால் மன்றத்தில் நம்ப மாட்டார்கள். அதனால் ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து, அவளுடைய அறிக்கைகளில் ஒன்பதைப் பொறுக்கி எடுத்தார். அவற்றை அவர் முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான். ஒன்றில்கூடத் தப்பு இல்லை, அது வேறு எரிச்சல்.

போட்டாதாங் கிடங்கில் களிமண்ணை மணல் என்று எழுதினாள், மிங்கலாடோன் குடியிருப்பில் நிலத்தடி நீரைக் கவனிக்காமல் விட்டாள் என்று, இடமும் தேதியும் போட்டு இல்லாத தப்பையெல்லாம் இருப்பதாக அடுக்கினார். ‘அப்போதே எனக்குத் தெரியும். எத்தனையோ முறை கண்டித்தும் திருந்தவில்லை’ என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தார்.

கடிதம் போன மூன்றாவது வாரம் மன்றத்திலிருந்து விசாரிக்க ஆள் வந்தார், பீர் முகைதீன் என்று பெயர். தமிழ்க்காரர் என்றதும் தியாகராசனுக்குப் பாதி காரியம் முடிந்த நிம்மதி. ஷிரினை ஏதோ சாக்குச் சொல்லி சைட்டுக்கு அனுப்பிவிட்டு, லப்பயேயும் சமோசாவும் வரவழைத்தார்.

“ஊ தியாகராசன், இந்தக் கடிதம் நீங்க எழுதினதுதானா?” பீர் முகைதீனும் பர்மிய வழக்கப்படி ‘ஊ’ என்ற மரியாதையோடுதான் ஆரம்பித்தார்.

“நானேதான். கூட வேலை பாக்குற பொண்ணு, மனசு கேக்கல. அதுக்காக உண்மைய மறைக்கலாமா?”

“இந்த ஒன்பதும் தப்புன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியாம என்ன? இருபத்தாறு வருஷ சர்வீஸ். பாத்த உடனே சொல்லிருவேன்.”

பீர் முகைதீன் அதை அப்படியே எழுதி, கீழே அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சமோசாவைத் தொடவில்லை.

“அந்தக் கட்டடமெல்லாம் எழும்பிருச்சு. உள்ள ஜனங்க குடியிருக்காங்க. மன்றம் இதைச் சும்மா விடாது.”

“விடவே கூடாது!” தியாகராசன் குரலில் வருத்தம் காட்ட ரொம்பப் பாடுபட்டார். “அப்போ மா ஷிரின் கதை முடிஞ்சுதுன்னு சொல்லுங்க.”

“மா ஷிரினா? அவங்க எழுதினாங்க, சரி. தப்புன்னு தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டு வெளிய விட்டது யாரு?”

தியாகராசன் சமோசாத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். நான் எழுதினதெல்லாம் பொய் என்று சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அதற்குள் பீர் முகைதீன் பையிலிருந்து மன்றத்தின் முத்திரை போட்ட நீளமான ஓர் உறையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“ரத்து பண்றதுக்கு முதல்ல லைசன்ஸ்னு ஒண்ணு வேணும் இல்லையா? அது உங்ககிட்டத்தானே இருக்கு!”