முதலில் பேசியவர்

"இந்த மனுஷரை யார் கூப்பிட்டது, பத்ரி?"

பானுமதி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். மேடையில் மைக் கீச்சென்று கத்தி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சிறப்பு விருந்தினர் பூலோகம் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "ஹலோ, கேக்குதா?" என்றார்.

"நீங்கதான் மேடம்," என்றார் மன்றத்தின் செயலாளர் பத்ரி. "கப்பல் கம்பெனி டைரக்டர், அவர் வந்தே ஆகணும்னு ரெண்டு மாசமா அலைஞ்சேளே."

"அவர் பேசி நான் கேட்டதில்லையே. எல்லாத்துக்கும் அவரோட செக்ரெட்டரிதான் பேசினா."

மும்பை செம்பூரில் தமிழ் அலுவலர் மன்றத்தின் ஆண்டு விழா. இந்த வருஷத் தலைப்பு, 'எல்லோருக்கும் இடம்'. பானுமதி வாஷியில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். மேலாளர். சாதி, மதம், மொழி, ஆண், பெண் என்று பிரித்துப் பார்க்காமல் ஆபீஸ் நடத்துவது எப்படி என்று கம்பெனி கம்பெனியாகப் போய் வகுப்பு எடுப்பவள். விழாப் பொறுப்பு முழுக்க அவளுடையது.

அவள் கவலை பூலோகத்தைப் பற்றிக்கூட இல்லை. அவருக்கு அடுத்துப் பேச வேண்டிய சஃப்ரீனைப் பற்றி.

சஃப்ரீன் தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருப்பவள். பெண்களை மட்டுமே வேலைக்கு வைத்து நடத்துகிறாள். மேடை ஏறிப் பழக்கமில்லை. முன் வரிசையில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்த அதிகாரிகளைப் பார்த்ததுமே, "அக்கா, நான் வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டாள். அவளும் போய்விட்டால் 'எல்லோருக்கும் இடம்' என்ற பேனருக்குக் கீழே வெறும் மேனேஜர்கள்தான் மிச்சம்.

பானுமதி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "பூலோகம் சார் உனக்கு முன்னாடி பேசறார். அவர் எப்படிப் பேசறார்னு பார்த்து அப்படியே பேசு, போறும்" என்று தைரியம் சொல்லி, பக்கத்து அறையில் அவரோடு டீ குடிக்க விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவர் எப்படிப் பேசுகிறார் என்பது இப்போது தெரிந்தது.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மென். இன்ஃபெக்ஷன் இஸ் வெரி இம்பார்ட்டன்ட். எவ்ரி ஆபீஸ், ஃபுல் இன்ஃபெக்ஷன் கமிங்."

"இன்க்ளூஷன், சார்," என்று முன் வரிசையிலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

"அதுவும் கமிங்," என்றார் பூலோகம்.

ஹால் சிரித்தது. பானுமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்த இங்கிலீஷை வெச்சுண்டு எப்படி இவ்வளவு பெரிய பதவிக்கு வந்தார்?"

"மெதுவா பேசுங்கோ மேடம்," என்றார் பத்ரி. "பேனர் நம்ம தலைக்கு மேலதான் தொங்கறது."

பூலோகம் பாதி வாக்கியத்தில் நின்றுபோனார். சீலிங் ஃபேனைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். குடித்ததில் பாதி டையில் போயிற்று.

"என்னவோ சொல்ல வந்தேன், மறந்துட்டுது," என்றார் தமிழில். "பெருசா ஒண்ணும் இருக்காது. எனக்கு அடுத்தாப்ல பேசுத பொண்ணு நல்லாப் பேசும், அதைக் கேளுங்க."

இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டார். பின் வரிசைகளில் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார்.

பானுமதி போனை எடுத்து விழாக் குழுவின் வாட்ஸ்அப்பில் தட்டினாள்: 'அடுத்த வருஷமாவது நாலு வார்த்தை இங்கிலீஷ் ஒழுங்காகப் பேசத் தெரிந்த விருந்தினரைக் கூப்பிடவும்.' உடனே ஏழெட்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

சஃப்ரீன் மேடை ஏறினாள். மைக் மறுபடி கத்தியது. அவள் பதறவில்லை. அது ஓயும்வரை நின்றாள்.

"பை வாங்க வர்றவங்க என்னைப் பாத்து, 'சேட் கிதர் ஹை, முதலாளி எங்கே'ன்னு கேப்பாங்க. மாடியில இருக்காங்கன்னு சொல்லுவேன். ஏணியில ஏத்தி மேல கூட்டிட்டுப் போவேன். அங்க இருக்கிற ஒரே நாற்காலியில நான் உக்காந்துக்கிட்டு, 'போலியே, சொல்லுங்க, என்ன வேணும்'பேன்."

ஹால் குலுங்கியது. நடுவில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை தடம் மாறியது. "ஏதோ ஒண்ணு, உங்களுக்குப் புரியும்," என்று சொல்லிவிட்டு அவள் மேலே போனாள். அந்த நாற்காலியில் உட்கார அவளுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று, யார் யார் உட்காரக் கூடாது என்றார்கள் என்று சொன்னபோது பின் வரிசைக்காரர்கள்கூட முன்னால் சாய்ந்து கேட்டார்கள். முடித்தபோது கோட்டு போட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பானுமதி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"பிரமாதம். அந்த மனுஷர் உளறிக் கொட்டினதைப் பார்த்து நீயும் பயந்துடுவியோன்னு எனக்கு ஒரே கவலை. அவர் சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

சஃப்ரீன் புரியாமல் பார்த்தாள்.

"அவுக எங்க உளறுனாக, அக்கா? டீ குடிக்கும்போது, 'எதுக்கும்மா பயப்படுதே'ன்னு கேட்டாக. மைக் கத்திரும், பேச்சு மறந்துரும், இங்கிலீஷ் தப்பாயிரும், எல்லாரும் சிரிப்பாகன்னு சொன்னேன். 'இவ்வளவுதானா? நான் மொதல்ல போயி அத்தனையும் பண்ணிட்டு வந்துருதேன், உனக்கு மிச்சம் எதுவும் இருக்காது'ன்னாக."