அரளிப் பூ

பாலக்கரை மோட்டார் கொட்டகை வாசலில் நிற்கும் காரிலிருந்து மெக்கானிக் நிஜாமுதீன் அளவுக் கம்பியை உருவுகிறார். கறுப்பாக இருக்க வேண்டிய இஞ்சின் எண்ணெய், பால் விட்ட காப்பியைப் போல வெளுத்து வழிகிறது. ஒரு சொட்டை அடுப்பில் சூடேறிய தகட்டில் விடுகிறார். சடசடவென்று பொரிகிறது. "எண்ணெயில தண்ணி கலந்திருக்குங்க. கொதிக்கிற வண்டியில பச்சத்தண்ணிய ஊத்தி, உள்ளே விரிசல் விட்டிருக்கு." மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை முதலாளி அழகர்சாமி, தனக்குக் குடை பிடித்து நிற்கும் டிரைவர் அடைக்கலத்தின் கன்னத்தில் ஓங்கி அறைகிறார். அறைந்த கையில் ஆடிப்பெருக்குக்குக் கட்டிய மஞ்சள் கயிறு இன்னும் ஈரமாக இருக்கிறது. காலையில் அம்மா மண்டபத் துறையில், "ஆறட்டுங்க" என்று அடைக்கலம் கெஞ்சக் கெஞ்ச, புதுத்தண்ணீர் வண்டிக்கும் நல்லது என்று பூசைச் செம்பில் காவிரியை மொண்டு ரேடியேட்டரில் ஊற்றியதும் அதே கைதான். நிஜாமுதீன் ரேடியேட்டர் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, வெந்து சுருண்ட அரளிப் பூ ஒன்றை எடுத்து வெயிலில் நீட்டுகிறார். முதலாளி அதைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்கிறார்: "பூவையும் நீதானடா போட்டே?" கன்னத்தில் ஐந்து விரலும் சிவந்து எழும்ப, அடைக்கலம், "ஆமாங்க" என்கிறான். வெயில் சற்று நகர்ந்திருக்கிறது. குடையை முதலாளியின் தலைக்கு நேராகச் சாய்க்கிறான்.