யானை சொன்ன நல்ல செய்தி

ஒரு காட்டில் தூக்கணாங்குருவி ஒன்று கூடு பின்னி விற்றுவந்தது. கூடு வாங்கும் பறவைகள் ராஜா யானைக்குப் பத்து நெல்மணி வரி கட்டவேண்டும்.

ஒருநாள் யானை பிளிறியது. "நல்ல செய்தி! பௌர்ணமியிலிருந்து கூட்டுக்கு வரி பாதிதான்!"

மறுநாளே குருவி கடையில் ஈ ஓட்டியது. முட்டையிடும் நேரம் நெருங்கிவிட்ட மைனாகூட, "பௌர்ணமி வரைக்கும் அடக்கிவைத்துக்கொள்கிறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது.

பௌர்ணமி வந்தது. அதுவரை யானையின் களஞ்சியத்தில் ஒரு மணிகூட விழவில்லை. "கஜானா காலி! வரிக்குறைப்பு ரத்து. அமாவாசை முதல் வரி இரண்டு மடங்கு!" என்றது யானை.

அவ்வளவுதான், கடையில் அடிதடி. கிளி நாலு கூடு வாங்கியது. காலமெல்லாம் அடுத்தவர் கூட்டில் முட்டையிட்ட குயில் இரண்டு வாங்கியது. தலைகீழாகத் தொங்கும் வௌவாலும் எதற்கென்றே தெரியாமல் ஒன்று வாங்கியது. பின்னிப் பின்னிக் குருவிக்கு அலகு தேய்ந்தது.

அமாவாசையன்று நிறைந்த களஞ்சியத்தைப் பார்த்து யானை பூரித்தது. "காடு செழிக்கிறது! வரி உயர்வும் ரத்து!"

பிறகு ஒரு பறவையும் கடைப்பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. மரத்துக்கு மரம் காலிக் கூடுகள் தொங்கின. குருவி யானையிடம் போய் அழுதது.

"எதற்கப்பா புலம்புகிறாய்? அன்றைக்கும் பத்து மணி, இன்றைக்கும் பத்து மணி. நான் வரியைத் தொடவே இல்லையே!" என்ற யானை கொஞ்சம் இரங்கியது. "சரி, உனக்காக அடுத்த பௌர்ணமிக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறேன்."

குருவி தடாலென்று காலில் விழுந்தது.

"மகாராஜா, வேண்டுமானால் வரியை இப்போதே ஏற்றிக்கொள்ளுங்கள். நல்ல செய்தி மட்டும் வேண்டாம்!"