ஐம்பதாவது பெயர்

மனநலச் செயலிக்கான ஆய்வில் ஐம்பதாவது நேர்காணல் மாலைக்குள் முடியாவிட்டால், வெளியீடே தள்ளிப்போய்விடும். தில்லி கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் அமர்ந்து ஜெயகிருஷ்ணன் ஒளிவுமறைவின்றிப் பதில் சொன்னார்.

“தூக்கம்?”

“நாலு மணி நேரம், மேடம்.”

“மத்தியானச் சாப்பாடு?”

“நின்னுக்கிட்டே ரெண்டு சமோசா.”

“மனசுவிட்டுப் பேச ஆள்?”

“பேச நேரம் ஏது? வேலைதான் உயிரை வாங்குதே!”

சுபாஷிணி, அவர் கொண்டுவந்த படிவத்தை அந்தப் பதில்களால் நிரப்பி அவரிடமே நீட்டினாள். அமைச்சகத்தில் எழுத்தராக இருப்பவள். எந்தப் படிவத்தையும், கொண்டுவந்தவரை வைத்தே நிரப்பிச் சோதிக்காமல் கையெழுத்திட மாட்டாள்.

“அச்சா, படிவம் பக்கா. உங்க ஆப் ஆய்வுக்கு இனி என்னைக் கேளுங்க, சார்.”

தம் பதில்களைப் படித்த ஜெயகிருஷ்ணன் வாய்விட்டுச் சிரித்தார். ஐம்பதாவது பெயராகத் தம் பெயரையே எழுதிக்கொண்டு, “நீங்க ஐம்பத்தொண்ணு, மேடம்!” என்றார்.