ஏழாவது கிளிக்

"அன்பார்ந்த சக பயணிகளே! கோலார் தங்கவயல் வரலாற்றில் இன்று ஒரு பொன்னாள். இந்தக் காரின் சஸ்பென்ஷன், நேற்று மாலை நான்கு மணி முதல் மறுபிறவி எடுத்திருக்கிறது என்பதைப் பெருமகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்!"

விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், காருக்குள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மூன்று பேருக்குத்தான் இந்த அறிவிப்பு. ஞாயிறுதோறும் சர்ச்சில் அறிவிப்பு வாசிப்பவர் ஏனோக். மைக் இல்லாத இடத்திலும் அவருக்கு அதே குரல்தான்.

ஆஸ்பத்திரியில் பில் போடும் ஐடா, ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் நாகேஷ், கம்ப்யூட்டர் கம்பெனி விநாயக். மூவரும் தினமும் அவர் காரில்தான் பெங்களூர் ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். தனியாக ஓட்டினால் அந்த எழுபது கிலோமீட்டரும் எழுநூறாகத் தெரியும் ஏனோக்குக்கு.

"இன்னா சார் பண்ணீங்க?" என்றாள் ஐடா. குரலில் ஒரு கலவரம்.

"மூணு மாசமா உங்களை வதைச்சுட்டேன் ஐடா. வளைவுல ரேஸ் கார் மாதிரி ஒட்டிக்கினு போவணும்னு, கல்லு மாதிரி ஸ்பிரிங் போட்டேன். என்னை மன்னிச்சுடுங்க."

சொல்லும்போதே காது மடல் சுட்டது அவருக்கு. சனிக்கிழமை மனைவி லூயிசாவைப் பங்காருபேட்டைக்கு அழைத்துப் போனார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிய லூயிசா, "அந்த மூணு பேரும் தினம் இதுலதான் வராங்களா? நீ இன்னா மனுஷன்யா?" என்று நடுரோட்டில் கேட்டாள். மறுநாள் சர்ச்சில் ஏனோக்கால் தலை நிமிர்ந்து வாசிக்க முடியவில்லை. மூன்றாவது வரிசையில் ஐடா உட்கார்ந்திருந்தாள். அந்த ஸ்பிரிங்கில் ஓட்டி, அவரே இரண்டு முறை நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் ரசம் குடிக்க முடியாமல் தவித்தவர். முன்னால் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருந்த தனக்கே இந்தக் கதியென்றால், பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! ஒரு வார்த்தை சொன்னார்களா?

"பர்வாகில்ல சார், பழசே நல்லாதானே இருந்துச்சு" என்றான் நாகேஷ்.

"இந்தப் பெருந்தன்மைதான்ப்பா என்னைக் கொல்லுது!"

"சார், ஹேண்ட்லிங் போயிடுமே..." என்று இழுத்தான் விநாயக். அந்த ஸ்பிரிங்கைப் பற்றி முதன்முதலில் வீடியோ காட்டியதே அவன்தான்.

"போவாது தம்பி. அங்கதான் இருக்குது விஷயம்."

கார் கிளம்பியது. மைசூர் மைன்ஸ் சுரங்கத்துப் பக்கத்து ரோட்டுக் குழிகள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பங்காருபேட்டை வளைவில் வண்டி ஒரு விரல்கூடச் சாயவில்லை.

"மெத்துனு வெச்சா வளைவுல படகு மாதிரி ஆடும். இறுக்கி வெச்சா இடுப்பு போயிடும். புது ஷாக் அப்சார்பர்ல பத்து கிளிக் இருக்குது. ஒண்ணு பஞ்சு, பத்து பாறை. மெக்கானிக் முனிரத்தினம் ஏழுல வெச்சான். ஏன் ஏழுன்னு கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. ஏனோக் சொன்னார்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் யாருமில்லை. ஐடாவுக்குக் காய்ச்சலாம். நாகேஷ் வீட்டில் விருந்தாளிகளாம். விநாயக் வீட்டிலிருந்தே வேலையாம். செல்போனில் மூன்று செய்தி, மூன்றிலும் 'ஸாரி சார்'.

புதன்கிழமையும் அப்படியே. தனியாகப் போன ஏனோக்கை, பங்காருபேட்டைக்கு முன்னால் ரயில்வே கேட் நிறுத்தியது. மாரிகுப்பத்திலிருந்து வந்த ரயில், மூச்சு முட்டும் கூட்டத்தோடு மெதுவாக ஊர்ந்தது.

ஒரு பெட்டியின் வாசலில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தாள் ஐடா. அவள் தலைக்கு மேலே கம்பியில் தொற்றிக்கொண்டு நாகேஷ். அவன் தோளில் கை போட்டு விநாயக். மூவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

காரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பொய் சொன்னது அவர்கள்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டது ஏனோக்.

கேட் திறந்ததும் வண்டியைத் திருப்பினார். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, நேரே ஆண்டர்சன்பேட்டை ஷெட்டுக்குப் போய் முனிரத்தினத்தின் முன்னால் நின்றார்.

"ஏழு வேணாம் முனிரத்தினம். ஒண்ணுல வை. பஞ்சு மெத்தை மாதிரி ஆக்கிடு."

"ஒண்ணுல வெச்சா வளைவுல கவுந்துடும் சார்."

"கவுந்தா கவுந்து போவட்டும். அவ்ளோ இடி இடிச்சிருக்கேன்யா அந்தப் பொண்ணை. ரயில் வாசப்படியில குந்திக்கினு போவுது. அதுவே என் காரைவிட சொகமா இருக்குதாம். பாத்துட்டு எனக்கு உயிரே போச்சு. ஆண்டவர் முன்னால எப்படி நிப்பேன்?"

முனிரத்தினம் ஸ்பானரைக் கீழே வைத்தான். கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. மூணு பேரும் நேத்து சாயங்காலம் இங்க வந்தாங்க. பழைய ஸ்பிரிங்கையே மாட்டிவிடச் சொன்னாங்க."

"அந்தக் கல்லையா?"

"அந்த வீடியோவை விநாயக் உங்ககிட்ட காட்டறதுக்கு முன்னாடியே, எந்த ஸ்பிரிங் ரொம்ப குலுக்கும்னு எங்கிட்ட வந்து விசாரிச்சாங்க சார்."

"குலுக்குறது எதுக்குய்யா அவங்களுக்கு?"

"குலுங்குற வண்டியில உங்களால பேச முடியாது."