மூன்றாவது ஈசா

அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவமனைக் கணினி ஒரு ரூன் எழுத்தை எடுக்கும். நார்வேக்காரர்கள் குறி பார்த்த பழைய எழுத்து அது. இன்றும் ஈசாதான் வந்தது. ஒற்றைச் செங்குத்துக் கோடு, தலைகீழாகத் திருப்பினாலும் மாறாது. பொருள் பனிக்கட்டி, ஆகவே காத்திருங்கள் என்றது கணினி.

ஏற்கெனவே இரண்டு வாரம் தள்ளிப்போயிருந்தது.

"விடு பிலோ, அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்றார் அந்தோணிராஜ்.

"அதுக்கு நீங்க இருக்கணுமே," என்றாள், அவருக்குச் சிறுநீரகம் தர வந்திருந்த மனைவி பிலோமினா. நர்ஸிடம் திரும்பினாள். "ஆத்துத் தண்ணி பனிக்கட்டியானா அந்த ஊர்ல படகில்லாமலே அக்கரைக்கு நடப்பாங்க சிஸ்டர். அத உங்க கணினி படிக்கலையா?"

"உங்க பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டா தியேட்டர் கதவு திறக்கும்மா. ஏதாச்சும் ஆனா யாரும் கேக்க மாட்டாங்க."

"இப்ப மட்டும் கேக்கறாங்களாக்கும்."

கையெழுத்திட்டாள். ஸ்ட்ரெச்சரை ஒதுக்கிவிட்டு நடந்தே உள்ளே போனாள்.