ஐந்தாம் எழுத்தும் ஆறாம் எழுத்தும்

"பில்லைக் கட்டாம விடமாட்டேங்கறாங்கக்கா. இன்னிக்குப் பணம் வரலேன்னா நான் ஆஸ்பத்திரியிலயே கிடக்க வேண்டியதுதான்," என்றது கைப்பேசியில் தம்பியின் குரல்.

அக்கா, வங்கியின் வெளிநாட்டுப் பணப் பிரிவில் கண்ணாடித் தடுப்பின் முன் நின்றிருந்தாள். வளையல்களை அடகு வைத்த பணம் கைப்பையில் கனத்தது. போனிலேயே அனுப்பிவிடுகிறேன் என்று அவள் எவ்வளவோ சொல்லியும் அவன் இணங்கவில்லை. வேலைக்காக வெளிநாடு செல்லும்வரை தான் அமர்ந்திருந்த இதே கவுன்டரில்தான் கொடுக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

அந்த இருக்கையில் இப்போது இருந்த பெண் அதிகாரி, படிவத்தை மெல்லத் திருப்பி நீட்டினார்.

"ஸ்விஃப்ட் கோடு, அதான் பணம் போற பாங்கோட அடையாள எழுத்து, இடிக்குதுக்கா. முதல் நாலு எழுத்து பாங்க், அது சரி. அடுத்த ரெண்டும் நாடு. உங்க தம்பி வேலைக்குப் போன நாடு இது இல்லையே? இந்த எழுத்துல இருக்கற நாட்டுல அந்த பாங்குக்குக் கிளையே கிடையாது."

அக்கா கைப்பேசியைக் காதில் அழுத்தினாள். "ஏன்டா, நாட்டோட ரெண்டெழுத்து தப்பாமே?"

"தப்பே இல்லக்கா. அந்த ரெண்டையும் மட்டும் மாத்திடாதே."

"காய்ச்சல்ல புத்தி பேதலிச்சுப் போச்சாடா உனக்கு?"

வரிசையில் நின்ற ஒருவர் பொறுமை இழந்தார். "ஏம்மா, கவுன்டர்லயே குடித்தனம் வச்சுட்டீங்களா?" நாலைந்து பேர் சிரித்தார்கள்.

முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது என்பார்களே, அந்த நிலையில் அவள் நின்றாள். கண்ணாடியின் சிறு திறப்பருகே குனிந்து கைகூப்பினாள்.

"மேடம், உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். சரியான கோடு உங்களுக்குத் தெரியுமே, நீங்களே போட்டு அனுப்பிடுங்க. அவனை அங்கேருந்து வெளியே கொண்டுவந்தாப் போதும்."

அதிகாரி பேனாவை எடுத்தார். முனை காகிதத்தைத் தொடுமுன் கை நின்றுவிட்டது.

"இந்த சீட்ல இருந்தப்போ ரெண்டெழுத்து மாறினா, மேனேஜர் ஃபாரமா இருந்தாலும் திருப்பி அனுப்பறவராச்சே அவரு..." என்று தமக்குள் முணுமுணுத்தார். பிறகு, கைப்பேசியை அணைக்கும்படி சைகை காட்டினார்.

"ஐயோ, வச்சுட்டா பயந்துடுவான் மேடம்!" என்று அக்கா பதறும்போதே மறுமுனையில் இணைப்பு அறுந்தது.

அதிகாரி அந்த இரண்டு எழுத்துகளின் மேல் விரலை வைத்தார்.

"அக்கா, அவரு ஆஸ்பத்திரியில இல்ல, இந்த நாட்டுல யாரோ அடைச்சு வச்சிருக்காங்க."